நிலுவையும் கெடுவும்: செகந்திராபாத்தின் பணநெருக்கடிகளும் அவற்றைக் குறித்த சொற்களும்

'பொருளாதார மந்தம்' என்னும் தொடர் தமிழுக்கு அண்மைக் காலத்தது. மந்தம் என்பது நெடுங்காலம் வயிற்றுக்கும் அறிவுக்கும் உரிய சொல்லாகவே பெரிதும் வழங்கிற்று. சந்தைக்கும் தொழிலுக்கும் அது செய்தித்தாள்களின் வழியாக வந்து சேர்ந்தது. ஆயினும் அத்தொடர் சுட்டும் நிலை புதியதன்று. முடை, தட்டுப்பாடு, நொடிப்பு, பஞ்சம் எனப் பல சொற்கள் முன்பே வழக்கில் இருந்தன. இவை யாவும் ஒன்று இல்லாமற் போனதைக் குறிப்பவை.

இவற்றினின்று வேறுபட்ட மற்றொரு சொற்றொகுதியும் பணவழக்கில் உண்டு. நிலுவை, தவணை, கெடு, வாய்தா என்பன அவை. இவை இல்லாமையைக் கூறுவன அல்ல, காலத்தைக் கூறுவன. 'நில்' என்னும் அடியிலிருந்து பிறந்த நிலுவை, வந்து சேராமல் நிற்கும் பணத்தைக் குறிக்கின்றது. அப்பணம் இல்லை என்று அச்சொல் கூறவில்லை. வரவேண்டியது எனும் உரிமையை அது உடன் கொண்டுள்ளது. வாய்தா என்பது அரபு மொழியில் வாக்குறுதியைக் குறித்த சொல். உருது வழியாகத் தமிழுக்கு வந்தபின் வரி கட்டவேண்டிய நாளைக் குறித்தது. நீதிமன்ற வழக்கில் நாளைத் தள்ளிவைத்தலைக் குறித்தது. வாக்குறுதி நாளாகி, நாள் ஒத்திவைப்பாகிய இப்பொருள் மாற்றம், கடன்பட்டோரும் கொடுத்தோரும் வாழ்ந்த வாழ்வின் சுருக்கம் எனலாம்.

பணநெருக்கடிக் காலத்தில் மனத்தை வருத்துவது இழப்பு மட்டுமன்று. இழப்பு எப்போது, எவ்வளவு என்று அறியாத இடைக்காலம் அதனினும் கொடியது. அந்த இடைக்காலத்திற்கு ஒரு பெயரும் ஓர் எல்லையும் கிடைத்தபோது மக்கள் அதனைத் தாங்கினர்; கிடைக்காதபோது தடுமாறினர். இக்கருத்தைச் செகந்திராபாத் நகரின் வரலாற்றில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இரு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டும், இடையில் சென்னையில் நேர்ந்த ஒன்றைக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சம்பளத்தால் எழுந்த ஊர்

செகந்திராபாத் வேளாண்மையாலோ கோயிலாலோ துறைமுகத்தாலோ வளர்ந்த ஊரன்று. 1798, 1800ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளின்படி ஐதராபாத் நிசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையொன்றைத் தம் நாட்டில் வைத்துப் பேண ஒப்பினார். அப்படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையமிறங்கியது. அன்றைய நிசாம் சிக்கந்தர் சாவின் பெயரால் 1806இல் அவ்விடம் செகந்திராபாத் எனப் பெயர் பெற்றது. மக்கள் வழக்கில் அது 'லஷ்கர்', அதாவது படை. இன்றும் அங்கு ஆடி மாதத்தை ஒட்டி நிகழும் அம்மன் விழாவுக்கு லஷ்கர் போனாலு என்றே பெயர்.

சென்னைப் படைப்பிரிவுகளுடன் தமிழரும் தெலுங்கரும் வந்தனர். படைவீரரைத் தொடர்ந்து பண்டம் வழங்குவோர், கணக்கர், ஒப்பந்தக்காரர், வட்டிக்குக் கொடுப்போர் எனப் பலர் குடியேறினர். பின்னாளில் முதலியார் குடும்பங்கள் இந்நகரின் கல்வியிலும் அறப்பணியிலும் பெற்ற இடத்திற்குப் பத்மாராவ் நகர் என்னும் பகுதியின் பெயரே சான்று. மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் போன்ற பகுதிகளில் தமிழ் இன்றும் தெருவில் கேட்கும் மொழி.

இவ்வூரின் கடைவீதி முழுமையும் ஒரே ஊற்றை நம்பி இருந்தது. அது படையின் மாதச் சம்பளம். விளைச்சலை நம்பிய ஊரில் மழை பொய்த்தால் அது வானத்தைப் பார்த்தாலே தெரியும். சம்பளத்தை நம்பிய ஊரில் அது தெரிவதற்கு வழியில்லை. கருவூலத்திலும் தலைவர்தம் அலுவலகங்களிலும் நடப்பது கடைவீதிக்கு எட்டுமுன் சம்பள நாள் கடந்திருக்கும். போதாக்குறைக்கு இருவகை நாணயம் வேறு. ஐதராபாத்தில் நிசாமின் ஹாலி சிக்கா. பாளையத்தில் 'கல்தார்' எனப்பட்ட ஆங்கில அரசின் ரூபாய். இருபதாம் நூற்றாண்டில் ஏழு ஹாலி ரூபாய்க்கு ஏறக்குறைய ஆறு கல்தார் என்பது கணக்கு. எந்தப் பணத்தில் வரவு, எந்தப் பணத்தில் கடன் என்பதைத் தெளிவுபடுத்தாமல் ஒரு பேச்சும் முடிந்திராது.

மேற்குறித்த அம்மன் விழாவின் தோற்றம் பற்றிய மரபுச் செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. 1813இல் இப்பகுதியில் வாந்திபேதி பரவியபோது, உச்சயினிக்கு மாற்றப்பட்டிருந்த சுரிதி அப்பையா என்னும் படைப்பணியாளர் அங்குள்ள மகாகாளியை வேண்டி, நோய் தணிந்தால் செகந்திராபாத்தில் அவள் உருவை நிறுவுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், 1815இல் அதனை நிறைவேற்றினார் என்றும் கூறுவர். நோய் வேறு, பணநெருக்கடி வேறு. ஆயினும் தமிழில் இத்தகைய வேண்டுதலுக்கு நேர்த்திக்கடன் என்று பெயரிருப்பது தற்செயலன்று. அளவறியாத அச்சத்தை அளவறிந்த கடனாக மாற்றிக்கொள்ளும் முயற்சி அது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று கூறியவுடன் இடைக்காலத்திற்கு ஒரு முடிவு கற்பிக்கப்பட்டுவிடுகின்றது.

பாமர் கம்பெனியும் படையின் நிலுவையும்

நிசாமின் அரசுக்கு உரிய நேரத்தில் சம்பளம் தரும் ஆற்றல் இல்லை. இந்நிலையைப் பயன்படுத்தி வளர்ந்ததே வில்லியம் பாமர் கம்பெனி. ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவருக்கும் அவருடைய முசுலிம் மனைவிக்கும் பிறந்த வில்லியம் பாமர், ஐதராபாத்தில் இந்நிறுவனத்தை நடத்தினார். பாமர் அரசுக்குக் கடன் கொடுத்தார். ஆங்கில அதிகாரிகளின் கீழிருந்த நிசாமின் படைகளுக்கு மாதந்தோறும் சம்பளம் வழங்கும் பொறுப்பையும் ஏற்றார். அதற்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. வட்டி நூற்றுக்கு இருபத்துநான்கை ஒட்டியிருந்தது. ஐரோப்பியர் இந்திய மன்னர்களுக்குக் கடன் கொடுப்பதைத் தடைசெய்த சட்டத்திலிருந்து 1816இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு இக்கம்பெனிக்கு விலக்களித்தார்.

வரலாற்று நூல்கள் பாமர் கம்பெனியை ஊழலின் எடுத்துக்காட்டாகவே காட்டுகின்றன. அது பெரிதும் உண்மையே. ஆயினும் அதன் செல்வாக்கு எதனால் வளர்ந்தது என்பதும் கேட்கத்தக்க வினா. அக்கம்பெனி விற்ற பண்டம் பணமன்று, நாள். குறித்த நாளில் சம்பளம் வரும் என்னும் உறுதியை அது விற்றது. அதன் விலை அரசின் கருவூலத்திலிருந்தும், அக்கருவூலத்தை நிரப்பிய உழவரிடமிருந்தும் பெறப்பட்டது. நிச்சயமின்மை அழியவில்லை, பாளையத்திலிருந்து ஊர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்தது.

1820இன் இறுதியில் ரெசிடெண்டாக வந்த சார்லஸ் மெட்காப் இவ்வேற்பாட்டை எதிர்த்தார். வட சர்க்கார் மாவட்டங்களுக்காக நிசாமுக்குத் தரவேண்டிய ஆண்டுத் தொகையை ஒரே தொகையாக மாற்றிக் கம்பெனி அரசு கொடுத்தது. அதனைக்கொண்டு 1823இல் பாமரின் கடன் தீர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே நிறுவனம் முறிந்தது.

அதன்பின் நிலுவை மறையவில்லை, பெருகியது. படைச் செலவுக்கான பாக்கியைக் காரணங்காட்டி 1853ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பேராரைக் கம்பெனி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சம்பளப் பாக்கி ஒரு நிலப்பகுதியின் ஆட்சியையே மாற்றிய நிகழ்ச்சி இந்திய வரலாற்றில் அரிது. அவ்வாண்டே திவானாகிய முதலாம் சாலார் ஜங்கின் சீர்திருத்தங்களில் நிதி ஒழுங்கு முதலிடம் பெற்றதில் வியப்பில்லை.

விளக்கு, மனு, பலகை

நிறுவனம் முறிவதைக் குறிக்கத் தமிழில் பெரிதும் வழங்கும் சொல் திவால். இந்தி, உருது மொழிகளின் 'திவாலா' என்பதே இது. இதன் சொற்பிறப்பில் கருத்து வேறுபாடு உண்டு; எனினும் தீபம் என்பதோடு இதனை இணைக்கும் மரபு பழமையானது. கடனைத் திருப்பித்தர இயலாத வணிகன் தன் கடையிலோ வீட்டிலோ விளக்கேற்றி வைத்துவிட்டு, கணக்குத் தீரும்வரை ஒதுங்கியிருக்கும் வழக்கம் இருந்தது என்று ஆங்கிலேயர் தொகுத்த பழைய சொற்றொகுதிகளும் குறிக்கின்றன. பிறப்பு எதுவாயினும் அவ்வழக்கத்தின் பொருள் தெளிவு: வணிகனின் வீழ்ச்சி பலரறியக் காட்டப்பட்டது. அந்த விளக்கைக் கண்டவுடன் கடன் கொடுத்தோரின் காத்திருப்பு முடிந்தது. கணக்குப் பார்த்தல் தொடங்கியது.

ஆங்கிலச் சட்டம் விளக்கின் இடத்தில் மனுவை வைத்தது. 1909, 1920ஆம் ஆண்டுகளின் நொடிப்புச் சட்டங்களின் கீழ்த் தரப்பட்ட மனுவின் ஆங்கிலப் பெயர் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி 'ஐ.பி. கொடுத்தல்' என்று தமிழிலும், 'ஐ.பி. பெட்டுட' என்று தெலுங்கிலும் வழங்குகின்றது. தமிழில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்றும் கூறுவர். இத்தொடர்களின் வினைகளை நோக்குக: கொடு, பெட்டு. மனுச் செய்பவன் ஒன்றைச் செய்கின்றான். அவமானம் உண்டு; ஆனால் நிலை ஐயமற்றது.

இவ்வகை அறிவிப்பு இல்லாமல் முறிவு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 1906இல் கண்டது. அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. அதன் இலண்டன் கிளையாக இயங்கிய நிறுவனத்தின் தலைவர் மக்பாடியன் இரண்டு நாள் முன்பே இரயில் முன் விழுந்து உயிர்நீத்தார். ஏறத்தாழ 7,000 பேர் அர்பத்நாட்டில் பணம் போட்டிருந்தனர். தம் சேமிப்பு முழுவதையும் வைத்திருந்த ஓய்வூதியரும் கைம்பெண்களும் அவர்களுள் அடங்குவர். மறுநாள் காலை தம் பணம் முழுவதும் போயிற்றா, பாதி வருமா, எந்த ஆண்டு வரும் என்று எவருக்கும் கூற ஆளில்லை. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கடன் கொடுத்தோர் சார்பில் வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் முயன்று நிறுவிய இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று பணியைத் தொடங்கியது. தனியாரின் பெயரை நம்பிப் பணம் வைத்த காலத்தின் முடிவு அது என்பர். முடிந்தது முழுமையாகவா என்பது வேறு வினா.

ஐதராபாத், செகந்திராபாத் தெலுங்கில் இதற்கெனவே பின்னாளில் ஒரு தொடர் தோன்றியது. பணம் திரட்டிவிட்டு மறைந்த நிறுவனத்தைப் 'போர்டு திப்பேசிந்தி', அதாவது பெயர்ப்பலகையைத் திருப்பிவிட்டது, என்பர். இந்நகரத் தமிழருக்கும் இது விளங்காத தொடரன்று. விளக்கேற்றியவன் தன் வீழ்ச்சியைக் காட்டினான். பலகையைத் திருப்பியவன் மறைத்தான். முன்னதற்குரிய சொல்லில் கடனாளி நிற்கின்றான்; பின்னதில் வெறும் கதவுதான் நிற்கின்றது.

2009: பெயரில்லாத இடைக்காலம்

செகந்திராபாத்தின் சர்தார் பட்டேல் சாலையிலுள்ள மேபேர் சென்டரைப் பதிவு அலுவலகமாகக் கொண்டிருந்தது சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம். 1987இல் சிறு நிறுவனமாகத் தொடங்கி இந்தியாவின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பணியாளர் ஏறத்தாழ 53,000 பேர் என்பது அதன் கணக்கு. அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் மிகப் பலர். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி முறிந்தபின் உலகெங்கும் மென்பொருள் தொழில் தளர்ந்திருந்த வேளையில், 2009 சனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் இராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியாயிற்று. கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். பங்கின் விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்களவுக்கு வீழ்ந்தது.

புலிமேல் ஏறியவன் அதற்கு இரையாகாமல் இறங்குவது எப்படி என்று அறியாத நிலையைத் தம் நிலைக்கு உவமையாக அக்கடிதம் கூறியது. தமிழர் அதனைப் புலிவாலைப் பிடித்த கதையாகப் புரிந்துகொண்டனர். இவ்வுவமை ஏறியவனின் அச்சத்தை மட்டுமே சொல்கிறது. பல்லாயிரம் பணியாளர் எங்கே நிற்கின்றனர் என்பதற்கு அதில் இடமில்லை. மொழியிலும் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. திவால், ஐ.பி. என்பன கடனாளிக்கு உரிய சொற்கள். நிறுவனம் திவாலாகவில்லை, பணியாளர் நீக்கப்படவும் இல்லை. ஆயினும் மாத இறுதியில் சம்பளம் வருமா என்பது தெரியாது. அம்மாதமே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, பணியாளர் எண்ணிக்கையிலும் பல்லாயிரம் பேர் பொய்யாகச் சேர்க்கப்பட்டவர் என்று கூறியது. தாம் வேலையில் இருப்பதே ஐயத்திற்குரியதாகிவிட்ட நிலை அது.

வரவுக்கு நாளில்லாத அவ்வேளையிலும் கடனுக்கு நாள் இருந்தது. வீட்டுக்கடன் பெற்றிருந்தோரின் மாதத்தவணை, அதாவது நாவில் பழகிய 'இ.எம்.ஐ.', குறித்த தேதியில் வங்கிக்கணக்கில் கழிக்கப்படும். இரண்டு நூற்றாண்டுக்கு முன் பாளையத்துக் கடைக்காரன் சம்பள நாள் வரை பொறுத்தான். அவனுக்கும் சிப்பாய்க்கும் நிலுவை ஒன்றே. இங்கோ ஒருபுறம் தவணை மட்டும் எஞ்சி, மறுபுறம் கெடு அழிந்தது. மந்தக் காலத்து மன உளைச்சலின் வேர் பெரிதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் உள்ளது.

இது வெறும் ஊகமன்று. இலண்டன் அரசு ஊழியரிடையே நிகழ்ந்த நெடிய ஆய்வொன்றின் முடிவுகள் 1995இல் வெளியாயின. தனியார்மயமாக இருந்த ஒரு துறையின் ஊழியர்கள், வேலை போகுமுன்பே, மாற்றத்தை எதிர்நோக்கியிருந்த கட்டத்திலேயே உடல்நலம் குன்றியதாகத் தெரிவித்தனர். அதற்கு முன்னரே ஆஸ்திரியாவின் மரியந்தால் என்னும் சிற்றூரில் ஆலை மூடப்பட்டபின் யகோதா முதலியோர் நடத்தி 1933இல் வெளியிட்ட ஆய்வு, வேலையற்ற ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்ததைக் கணக்கிட்டுக் காட்டியது. கையில் நேரம் மிகுந்தும் நூலகத்தில் நூல் எடுப்போர் குறைந்தனர். நாளுக்கு எல்லை அழிந்தவிடத்து நேரம் பயன்படுவதில்லை.

சத்யம் நிகழ்ச்சியில் அரசு விரைந்தது. பழைய இயக்குநர் குழு நீக்கப்பட்டது. கிரண் கார்னிக், தீபக் பாரேக், அச்சுதன் ஆகியோர் அமர்த்தப்பட்டனர். சில நாளில் தமிழ்நாட்டுப் பட்டயக் கணக்கர் டி.என். மனோகரன் உள்ளிட்ட மூவர் சேர்ந்தனர். புதிய குழுவின் முதற்கவலை சம்பளமாகவே இருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய நிலுவை திரட்டப்பட்டது. வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடன் பெறப்பட்டது. ஏப்ரல் 13 அன்று டெக் மகிந்திரா பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் விலைக்கு நிறுவனத்தை ஏலத்தில் வென்றது. ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கக்கூடிய ஒன்று நூறு நாளுக்குள் முடிந்ததே இதன் சிறப்பு. ராஜு உள்ளிட்டோர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு 2015இல்தான் வந்தது. பணியாளர் அதுவரை காத்திருக்க நேரவில்லை.

எனினும் எல்லாருக்கும் வேலை இல்லை. மென்பொருள் துறையில் பணித்திட்டம் இன்றி இருப்பதை விளையாட்டு வழக்கிலிருந்து பெற்ற 'பெஞ்ச்' என்னும் சொல்லால் குறிப்பர். 'பெஞ்சில் இருக்கிறான்' என்பது இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெற்றோரும் அறிந்த தொடர். 2009 சூனில் புதிய நிர்வாகம் இவ்வாறிருந்தோருள் பல்லாயிரவரை 'விர்ச்சுவல் பூல்' என்னும் ஏற்பாட்டில் சேர்த்தது. அவர்கள் அலுவலகத்திற்கு வரவேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம், சேமநிதி, மருத்துவக் காப்பீடு ஆகியன மட்டும் உண்டு. காலம் ஆறு மாதம். பெயர் வஞ்சகமானது. இல்லாத ஒன்றை இருப்பதுபோற் காட்டும் சொல்லை வேலைக்கு அடைமொழியாக்குவது, அவ்வாண்டு அந்நிறுவனத்தில் நடந்ததை எண்ணும்போது நகைப்புக்குரியதும் ஆகும். வருவாய் பெரிதும் குறைந்ததால் ஏற்பாடும் கடுமையானதே. ஆயினும் அதற்கு ஒரு கெடு இருந்தது. ஆறு மாதத்திற்குள் வேறு வேலை தேடலாம், ஊருக்குத் திரும்பலாம், வீட்டை விற்கலாமா வேண்டாமா என முடிவெடுக்கலாம். சனவரி 7க்குப் பிந்தைய வாரங்களில் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலவில்லை.

இத்தகைய கெடு சட்டத்தில் முன்பே இடம்பெற்றிருந்தது என்பதையும் கூறவேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 1953இல் திருத்தப்பட்டபோது 'லே-ஆஃப்' என்பதற்கு வரையறை தரப்பட்டது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியன இல்லாமையால் வேலை தர இயலாத நிலை அது. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும். தகுதியுடையோருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். வேலையிலிருந்து அறவே நீக்குவதற்குச் சட்டம் 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்னும் வேறு சொல்லை வைத்தது; தமிழில் ஆட்குறைப்பு என்றனர். மென்பொருள் துறையினர் பேச்சில் இவ்வேறுபாடு அழிந்தது. 'லே-ஆஃப் ஆகிவிட்டான்' என்றால் வேலை போய்விட்டது என்றே இன்று பொருள். அமெரிக்க வழக்கின் செல்வாக்கு இது. தமிழ் நாளிதழ்கள் இரண்டையும் பணிநீக்கம் என்று எழுதுகின்றன. 'ஐ.பி. கொடுத்தான்', 'வி.ஆர்.எஸ். வாங்கினான்' என்பவற்றில் செய்பவன் எழுவாயாக இருந்தான். 'ஆகிவிட்டான்' என்பதில் அவனுக்கு நேர்ந்தது மட்டுமே உள்ளது. பெயர் பதிவேட்டில் இருக்க, வேலை இல்லாமல், குறித்த காலம் வரை பாதிச் சம்பளத்துடன் காத்திருக்கும் அந்த இடைநிலைக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை.